சுவருக்குள் அடங்கிய சமத்துவம்

ஐரோப்பாவின் இடைக்காலத் துறவி மடங்களுக்குப் புதிய புகழுரையாளர்கள் தோன்றியிருக்கிறார்கள். நகர வாழ்வின் இரைச்சலிலிருந்து சில நாட்கள் விலகியிருக்க விரும்பும் வசதி படைத்தோர், மிஞ்சியிருக்கும் மடங்களின் விருந்தினர் அறைகளை நாடிச் செல்கின்றனர். பெனடிக்ட் துறவியின் ஒழுங்குநூலிலிருந்து நிறுவன மேலாளர்களுக்குப் பாடம் திரட்டித் தரும் நூல்கள் மேலைநாடுகளில் விற்பனையாகின்றன. 2017-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பழமைவாத எழுத்தாளர் ராட் டிரெஹர், 'பெனடிக்ட் வழி' எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். மதச்சார்பற்ற நவீன உலகம் சீர்திருத்த இயலாதது. எனவே கிறித்தவர்கள் தங்களுக்குள் இறுகிய சமூகங்களை அமைத்துக்கொண்டு, பழைய துறவிகளைப் போல் ஒழுக்கத்தைக் காக்க வேண்டும் என்பது அவரது அறைகூவல். ஒரு காலத்தில் மார்க்சியராக இருந்த தத்துவாசிரியர் அலஸ்டேர் மெக்கின்டயர், 1981-இல் வெளியான தம் நூலின் இறுதியில் புதியதொரு பெனடிக்டுக்காக நாம் காத்திருப்பதாக எழுதினார். டிரெஹரின் தலைப்பு அதிலிருந்து பிறந்ததே.

நம் தரப்பிலிருந்து இதற்கு வரும் மறுமொழி பெரும்பாலும் 'இருண்ட காலம்' என்ற ஒரு தொடரோடு முடிந்துவிடுகிறது. மடம் என்றால் மூடநம்பிக்கை, துறவி என்றால் ஏமாற்று, அதற்குமேல் பேச என்ன இருக்கிறது என்பதே அதன் தொனி. இது மார்க்சியம் அன்று. மார்க்சியத்தின் பெயரால் கொள்ளும் சோம்பல். ஆயிரம் ஆண்டுகள் நிலைத்து நின்ற ஒரு நிறுவனத்தை ஒரு வசைச்சொல்லால் விளக்கிவிட முடியாது. அது எந்த மண்ணில் எழுந்தது, எதை உண்டு வளர்ந்தது, யார் கையால் வீழ்ந்தது என்று கேட்பதே நமது முறை. அவ்வாறு கேட்டால், பொதுவுடைமை என்ற சொல்லை அன்றாடம் வழங்கும் நமக்கென்றே சில பாடங்கள் அங்கே காத்திருப்பதைக் காணலாம்.

ஒழுங்குநூல் சொன்னதும் சொல்லாமல் விட்டதும்

மேற்கு ரோமப் பேரரசு சரிந்து இரண்டு தலைமுறைகள் கடந்திருந்த காலம். ரோமுக்கும் நேப்பிள்சுக்கும் இடையிலுள்ள மான்ட்டே கசீனோ என்ற குன்றின்மேல் பெனடிக்ட் தம் மடத்தை நிறுவினார். அதன் ஆண்டு 529 என்பது மரபு. தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று அழைக்கும் துறவி இவரே. அவர் எழுதிய ஒழுங்குநூல் 73 அதிகாரங்களைக் கொண்டது. எப்போது எழுவது, எப்போது உண்பது, எத்தனை முறை வழிபடுவது, யாருக்கு எவ்வளவு ரொட்டி, எத்தனை ஆடைகள் என அனைத்தையும் அது வகுத்துரைக்கிறது. பகலில் ஏழு முறையும் இரவில் ஒரு முறையும் வழிபாடு; இடைப்பட்ட நேரம் உழைப்புக்கும் படிப்புக்கும் உரியது.

இதன் புதுமையை உணர, அது எழுந்த சமூகத்தை நினைவிற்கொள்ள வேண்டும். ரோம அடிமைச் சமூகத்தில் உடலுழைப்பு அடிமையின் விதி. நிலவுடைமைக் குடியில் பிறந்தவன் மண்வெட்டியைத் தொடுவது இழிவு. அத்தகைய மண்ணில், தன் கையுழைப்பால் வாழும்போதுதான் ஒருவன் மெய்யான துறவியாகிறான் என்ற கருத்தை 48-ஆம் அதிகாரம் முன்வைத்தது. 35-ஆம் அதிகாரம் சமையற்கட்டுப் பணியை வாரமுறை வைத்து எல்லாத் துறவிகளுக்கும் பகிர்ந்தளித்தது. நோயுற்றோரும் தவிர்க்கவியலாத வேறு பணியில் இருப்போருமே அதிலிருந்து விலக்குப் பெற்றனர். 33-ஆம் அதிகாரம் தனியுடைமையை வேரோடு களைய முற்பட்டது. ஒரு புத்தகத்தையோ எழுதுகோலையோகூட எந்தத் துறவியும் தனதென்று வைத்துக்கொள்ளலாகாது. அடுத்த அதிகாரம் பொருள்களை அவரவர் தேவைக்கேற்பப் பகிர வேண்டும் என்றது. விவிலியத்தின் அப்போஸ்தலர் நடபடிகள், தொடக்ககாலக் கிறித்தவர்கள் உடைமைகளைப் பொதுவில் வைத்து, தேவைக்கேற்பப் பகிர்ந்ததாகக் கூறுகிறது. பெனடிக்ட் அதையே ஆதாரமாகக் காட்டினார். தேவைக்கேற்பப் பகிர்வு என்ற சொற்றொடரை 1875-இல் மார்க்ஸ் எழுதிய 'கோத்தா வேலைத்திட்டம் பற்றிய விமர்சனம்' வழியாக அறிந்த தோழர்கள், அதன் சாயல் ஆறாம் நூற்றாண்டுத் துறவியின் ஏட்டிலும் இருப்பதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. வர்க்கங்களாகப் பிளந்த எல்லாச் சமூகங்களிலும் மனிதர்கள் இந்தக் கனவைக் கண்டே வந்திருக்கிறார்கள்.

ஆனால் அதே 48-ஆம் அதிகாரத்தில் இன்னொரு குறிப்பும் உண்டு. இடத்தின் நிலைமையாலோ வறுமையாலோ துறவிகள் தாமே அறுவடை செய்ய நேர்ந்தால், அதற்காக அவர்கள் வருந்தலாகாது என்கிறது அது. இந்த ஆறுதலுக்கு என்ன தேவை வந்தது? வழக்கமாக அறுவடை செய்பவர் வேறு யாரோ என்பதுதான் அதன் உட்பொருள். உழைப்பைப் போற்றிய நூலே, தன்னை அறியாமல், மடத்தின் வயலில் நின்ற இன்னொரு மனிதனைக் காட்டிக்கொடுக்கிறது. அந்த மனிதன் யார் என்பதே நமது கேள்வி.

வயலில் நின்றவர்கள்

அவர்களுள் ஒருவனது பெயர் நமக்குத் தெரியும். ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாரிசின் அருகே இருந்த சேன் ஜெர்மேன் மடத்தின் தலைவர் இர்மினோன், மடத்தின் நிலங்களையும் அவற்றில் உழுதவர்களையும் ஊர்வாரியாகப் பதிவு செய்வித்தார். அந்தப் பதிவேட்டில் போடோ என்ற குடியானவனும் அவன் மனைவி எர்மன்ட்ரூடும் அவர்களது 3 குழந்தைகளும் இடம்பெற்றுள்ளனர். குளிர்கால விதைப்புக்கும் வசந்தகால விதைப்புக்கும் மடத்தின் நிலத்தில் அவன் எவ்வளவு உழவேண்டும், வாரந்தோறும் எத்தனை முறை கூலியின்றி வேலைக்கு வரவேண்டும், காட்டில் பன்றி மேய்க்க எவ்வளவு திராட்சை மது அளக்கவேண்டும் என்பவை வரையறுக்கப்பட்டுள்ளன. 3 கோழிகளும் 15 முட்டைகளும்கூட விடுபடவில்லை. இங்கிலாந்து வரலாற்றாசிரியை எய்லீன் பவர் 1924-இல் எழுதிய 'இடைக்கால மனிதர்கள்' என்ற நூல் இந்தப் போடோவின் ஒரு நாளைப் புனைந்து காட்டியே தொடங்குகிறது.

துறவிக்கு எழுதுகோல்கூடச் சொந்தமில்லை. ஆனால் துறவிகளின் மடத்துக்குப் போடோவின் வாரமும் அவன் கோழியிட்ட முட்டையும் சொந்தம். தனியுடைமை மறுப்பும் நிலப்பிரபுத்துவமும் ஒரே கூரையின்கீழ் முரண்பாடின்றி வாழ்ந்தன. சொல்லப்போனால், தனிமனித நிலப்பிரபுவைவிட மடம் உறுதியான நிலப்பிரபு. அதற்குச் சாவில்லை, வாரிசுச் சண்டையில்லை, பாகப்பிரிவினையில்லை. பாவ மன்னிப்பை நாடிய பிரபுக்கள் கொடையளித்த நிலங்கள் அதனிடம் குவிந்துகொண்டே சென்றன. அவற்றைத் திரும்ப விட்டுக்கொடுக்கும் கட்டாயம் அதற்கு இருக்கவில்லை.

இத்தகைய பகுதிகளைத் தமிழாக்குகையில், 'மடம்' என்ற சொல் பொருந்துமா, 'துறவியர் இல்லம்' என்று எழுதுவது நடுநிலையாக இருக்குமா என்ற தயக்கம் எழுவதுண்டு. துறவியர் இல்லம் என்று எழுதினால் வழிபாடு தெரியும், நிலம் மறைந்துவிடும். துறவிகள் உறையும் இடத்தையும், நிலமும் குத்தகையாளரும் கணக்குப்பிள்ளையும் உடைய நிறுவனத்தையும் ஒருசேரக் குறிக்கும் சொல் தமிழில் மடம் ஒன்றே. காவிரிப் படுகையில் மடத்து நிலம் உழுத குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எனவே மடம் என்றே எழுதுவோம்.

910 அளவில் பர்கண்டியில் தோன்றிய குளூனி மடம் இந்த வளர்ச்சியின் உச்சம். அங்கே வழிபாட்டு நேரம் நீண்டுகொண்டே போயிற்று. துறவியின் உடலுழைப்பு பெயரளவுச் சடங்காகக் குறுகிற்று. ரோமின் புனித பேதுரு பேராலயம் புதிதாகக் கட்டப்படும்வரை மேலைக் கிறித்தவ உலகின் மிகப்பெரிய ஆலயம் குளூனியில்தான் இருந்தது. இந்தப் படாடோபத்தை வெறுத்து, மூல ஒழுங்குநூலுக்குத் திரும்புவோம் என்று 1098-இல் சீத்தோ என்னுமிடத்தில் புறப்பட்டவர்களே சிஸ்டர்சியர்கள். தசமபாகமும் வாடகையும் வேண்டாம், கையுழைப்பே போதும் என்றார்கள். நேர்மையான தொடக்கம்தான். ஆனால் நாளெல்லாம் வழிபாடும் படிப்பும் உள்ள துறவி தொலைவிலுள்ள பண்ணைகளை எப்படி உழுவது? அதற்கு அவர்கள் கண்ட தீர்வு, 'கன்வெர்சி' எனப்பட்ட பணிச் சகோதரர்கள்.

பணிச் சகோதரரும் துறவு வாக்குறுதி எடுத்தவரே. ஆயினும் அவர் உண்ணும் கூடம் வேறு, உறங்கும் கூடம் வேறு, ஆலயத்தில் நிற்கும் இடம் வேறு. மடத்தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்குக் குரலில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் புத்தகம் வைத்துக்கொள்வது தடை செய்யப்பட்டிருந்தது. சில செபங்களை மனப்பாடமாகக் கற்கலாம். அதற்குமேல் கல்வி இல்லை. உயர்குடியில் பிறந்தோர் பணிச் சகோதரராகச் சேரலாகாது, துறவியாகவே சேரவேண்டும் என்று 1188-இல் அச்சபையின் பொதுப்பேரவை விதி செய்தது. வெளியுலகின் வர்க்கப் பிளவு, துறவுக்குள்ளும் சட்டவடிவம் பெற்றுவிட்டது. ஜெர்மனியின் ஷோனாவ் மடத்தில் பணிச் சகோதரர்கள் கலகத்துக்கு ஆயத்தமானதன் உடனடிக் காரணம், புதிய காலணிகள் மறுக்கப்பட்டதே. உழுபவனுக்குக் காலணி ஆன்மிகப் பிரச்சினை அன்று, வாழ்க்கைப் பிரச்சினை.

பெண்கள் மடங்களிலும் இதே கதைதான். இசையும் மருத்துவமும் அறிந்த பேரறிவாளராக இன்று கொண்டாடப்படும் பிங்கனின் ஹில்டெகார்ட், தம் மடத்தில் உயர்குடிப் பெண்களை மட்டுமே சேர்த்துக்கொண்டார். ஏழை மீனவர்களையே இயேசு தேர்ந்தார் அல்லவா என்று சக துறவியான டெங்ஸ்விண்ட் கடிதம் எழுதிக் கேட்டபோது, பலவகைக் கால்நடைகளை எவரும் ஒரே தொழுவத்தில் அடைப்பதில்லை என்ற பொருளில் ஹில்டெகார்ட் விடையளித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இந்தக் கேள்வியும் விடையும் இந்திய வாசகருக்குப் பழக்கமற்றவை அல்ல.

தரையில் பதித்த திருகைக் கற்கள்

மடத்தின் இரு முகங்களையும் ஒரே மனிதரில் காணவேண்டுமாயின், இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துக்குச் செல்லவேண்டும். 1327 முதல் 1336 வரை அதன் தலைவராக இருந்தவர் ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்ட். கொல்லரின் மகன்; இளமையிலேயே பெற்றோரை இழந்து, துறவிகளின் ஆதரவில் ஆக்ஸ்போர்டில் பயின்று, அக்காலத்தின் தலைசிறந்த கணித, வானியல் அறிஞருள் ஒருவரானார். சூரியன், சந்திரன் ஆகியவற்றின் இயக்கத்தைக் காட்டும் இயந்திரக் கடிகாரம் ஒன்றை அவர் வடிவமைத்தார். பல்சக்கரங்களின் கணக்கை அவர் எழுதி வைத்த முறை இன்றும் பொறியியல் வரலாற்றாளரை வியக்க வைக்கிறது. உழைக்கும் குடியில் பிறந்த ஒருவனுக்கு அந்நாளில் இத்தகைய கல்வி கிடைக்க மடத்தைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை. இதை மறைக்கும் வரலாறு நேர்மையானதன்று.

அதே ரிச்சர்ட்தான் நகர மக்களின் திருகைகளைப் பறிமுதல் செய்தவர். செயின்ட் ஆல்பன்ஸ் நகரம் மடத்துக்கு உரியது. நகரத்தார் தம் தானியத்தை மடத்தின் ஆலையிலேயே அரைத்து, அதற்கான பங்கை அளக்கவேண்டும். வீட்டில் திருகை வைத்து அரைப்பது மடத்தின் வருவாயைத் திருடுவதாகக் கருதப்பட்டது. இந்தப் பூசல் தலைமுறைகளாக நீடித்தது. 1327-ஐ ஒட்டி நகரத்தார் மடத்தை முற்றுகையிட்டு உரிமைச் சாசனம் பெற்றனர். சில ஆண்டுகளில் ரிச்சர்ட் அதை முறியடித்தார். வீடுவீடாகத் திரட்டப்பட்ட திருகைக் கற்கள் மடத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அதன் கூடமொன்றின் தரையில் தளக்கற்களாகப் பதிக்கப்பட்டன. தோற்றவர்களின் கருவிமீது வென்றவர்கள் நாள்தோறும் நடந்தார்கள்.

அரை நூற்றாண்டு அந்தக் கற்கள் அங்கேயே கிடந்தன. 1381 ஜூன் மாதம் இங்கிலாந்து முழுவதும் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தபோது, அதே மடத்தில் கல்வி பெற்ற வில்லியம் கிரிண்ட்கோப்பின் தலைமையில் நகரத்தார் மடத்துள் நுழைந்தனர். ஆவணங்களை எரித்தனர், கூடத்தின் தரையைப் பெயர்த்தனர். கற்களை உடைத்து, ஞாயிறு தோறும் ஆலயத்தில் ஆசீர்வதித்த அப்பத்தைப் பகிர்வதுபோல், ஆளுக்கொரு துண்டாகப் பகிர்ந்து வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். உடைந்த கல்லால் மாவு அரைக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாததா? தாத்தாவிடமிருந்து பறித்தது பேரனிடம் திரும்பிற்று என்பதற்கு அது சான்று.

திருகையை நிலப்பிரபுத்துவத்தோடும் நீராவி ஆலையை முதலாளித்துவத்தோடும் இணைத்து 1847-இல் மார்க்ஸ் எழுதியதை நாம் வகுப்புகளில் அடிக்கடி சொல்கிறோம். செயின்ட் ஆல்பன்சில் நிலப்பிரபுவே திருகையின் பகைவன் என்பதைக் காண்கிறோம். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்க் பிளாக் நீராலையின் வரலாற்றை ஆராய்ந்து இதைத்தான் சுட்டினார். நீராலை உயர்ந்த தொழில்நுட்பம். ஆனால் அது பரவியது அதன் உயர்வால் மட்டுமன்று, பிரபுவின் கட்டாயத்தாலும்தான். எனவே கருவியின் பெயரைக் கேட்டவுடன் சமூகத்தை முடிவு செய்துவிடலாகாது. அந்தக் கருவி யார் கையில் இருக்கிறது, அரைபட்ட மாவில் பங்கு யாருக்குப் போகிறது என்பதையும் கேட்கவேண்டும். அந்த மக்கள் இயந்திரத்தை வெறுத்தவர்கள் அல்லர். அதன் உடைமையை எதிர்த்தவர்கள்.

எழுச்சி நசுக்கப்பட்டது. கிரிண்ட்கோப் தூக்கிலிடப்பட்டார். எழுச்சியின் போதகரான ஜான் பால் என்ற குருவானவரும், அதே செயின்ட் ஆல்பன்சில், 1381 ஜூலை 15 அன்று மன்னனின் முன்னிலையில் கொல்லப்பட்டார். அவர் போதித்தது என்ன? பொருள்கள் பொதுவாக வேண்டும், பிரபு என்றும் பண்ணையடிமை என்றும் இரு பிரிவு இருக்கலாகாது என்பதே என்று அவரை வெறுத்த எழுத்தாளர்களே குறித்திருக்கிறார்கள். எண்ணிப் பாருங்கள். பொருள்கள் பொதுவாக வேண்டும் என்பது பெனடிக்டின் 33-ஆம் அதிகாரமும்தானே? சுவருக்குள் சொன்னால் அது புனிதம். சுவருக்கு வெளியே, எல்லா மக்களுக்குமாகச் சொன்னால் அது இராஜத்துரோகம். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டவர் மடத்தின் வர்க்க இயல்பை விளங்கிக்கொண்டவர் ஆவார்.

இவற்றையெல்லாம் நமக்கு எழுதி வைத்தவர் தாமஸ் வால்சிங்கம், அதே மடத்துத் துறவி. கலகக்காரரை அவர் மனமார வெறுத்தார்; ஆயினும் கல் பகிர்ந்த காட்சியை எழுதாமல் விடவில்லை. போடோவின் பெயரையும் அவனைச் சுரண்டிய கணக்கேடே காத்தது. ஒடுக்கப்பட்டோர் வரலாற்றின் பெரும்பகுதி ஒடுக்கியோரின் கையெழுத்தில்தான் கிடைக்கிறது. அந்த ஏடுகளை எரிந்து போகட்டும் என்று விடுவதும் தவறு. அவை சொல்வதை அப்படியே நம்புவதும் தவறு. எதிர்த்திசையிலிருந்து படிக்கும் பயிற்சி நமக்கு வேண்டும்.

மடம் வீழ்ந்தது, நிலம் யாருக்குப் போயிற்று?

1536 முதல் 1540 வரை எட்டாம் ஹென்றி இங்கிலாந்தின் மடங்கள் அனைத்தையும் கலைத்தான். மதகுருமாரின் ஆதிக்கம் ஒழிந்தது என்று மகிழ்வோர் 'மூலதனம்' முதல் தொகுதியில் ஆதித் திரட்டல் பற்றிய பகுதியை மீண்டும் படிக்கவேண்டும். மடத்து நிலங்கள் அரசனின் வேண்டியவர்களுக்கு வாரி வழங்கப்பட்டன. அல்லது அடிமாட்டு விலைக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்கள் பரம்பரைக் குத்தகையாளரைக் கூட்டங்கூட்டமாக விரட்டினர். மடங்களில் வாழ்ந்தோரும் பாட்டாளி வர்க்கத்துள் தள்ளப்பட்டனர். 1536-இல் இங்கிலாந்தின் வடபகுதியில் எளிய மக்கள் மடங்களுக்காகக் கிளர்ந்தெழுந்ததற்குப் பக்தி மட்டுமே காரணம் அன்று. பழைய நிலப்பிரபுவிடம் வாசலில் ஒரு துண்டு ரொட்டியாவது எதிர்பார்க்கலாம்; புதியவனிடம் அதுவும் கிடைக்காது என்ற அச்சமும் அதில் இருந்தது.

பிரான்சில் கதை வேறு. 1789 நவம்பர் 2 அன்று தேசிய சட்டமன்றம் திருச்சபைச் சொத்தை நாட்டுடைமையாக்கியது. அதற்குப் பின்னால் நிலவரிக் கடமைகளுக்கு எதிராக எழுந்த விவசாயிகள் இருந்தனர். ஆயினும் அந்த நிலங்கள் ஏலத்துக்கு வந்தபோது, பணம் படைத்த முதலாளிகளே அதிகம் வாங்கினர். விவசாயிகளுக்கு ஒரு பகுதியே கிடைத்தது. குளூனியின் மாபெரும் ஆலயம் விற்கப்பட்டு, கல்லுக்காக இடிக்கப்பட்டது. சிஸ்டர்சியர்களின் புகழ்பெற்ற கிளேர்வோ மடம் நெப்போலியன் காலத்தில் சிறையாயிற்று. துறவிகள் விரும்பிப் புகுந்த சுவர்களுக்குள், புரட்சியாளர் பிளாங்கி 1872 முதல் 1879 வரை அடைபட்டுக் கிடந்தார். பின்னர் குரோப்போட்கினும் அங்கே அடைக்கப்பட்டார். மடத்தின் கதவு திறந்தால் மட்டும் விடுதலை வந்துவிடாது என்பதற்கு இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு வேண்டுமா? மடத்தைக் கலைக்கும் கை எந்த வர்க்கத்தின் கை என்பதே கேள்வி.

நமக்கு உரியவை

டிரெஹர் போன்றோர்க்கு நாம் சொல்ல வேண்டியது இது. நீங்கள் காட்டும் அமைதியான சமூகம் ஒருபோதும் தனித்து வாழ்ந்ததில்லை. போடோவின் உழவும் பணிச் சகோதரரின் அறுவடையும் நகரத்தாரின் அரவைப் பங்கும் இல்லாமல் ஒரு நாள் வழிபாடுகூட அங்கே நடந்திருக்காது. சந்தையின் கொடுமையிலிருந்து ஒதுங்கி நல்லவர்களாக வாழ்வோம் என்ற அழைப்பை ஏற்க, யாரோ ஒருவர் ஒதுங்க முடியாமல் உழைத்துக்கொண்டிருக்க வேண்டும். சுவர்தான் பிரச்சினை, அதைப் புதுப்பித்துக் கட்டுவது தீர்வாகாது.

நம் தோழர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. உடைமை பொதுவாக இருப்பது மட்டும் சமத்துவம் ஆகாது. அந்தப் பொதுவைச் சுமப்பவர் அதில் பங்குடையவரா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. இது பெரிய அமைப்புகளுக்கு மட்டுமல்ல, சிறிய கூட்டங்களுக்கும் பொருந்தும். நமது இரண்டு நாள் கட்சிக் கல்வி முகாம்களில் உபரிமதிப்பு பற்றி வகுப்பு நடக்கும்போது, பின்கட்டில் வெங்காயம் நறுக்கும் தோழியர் எத்தனை பேர் அந்த வகுப்பில் வந்து அமர்கிறார்கள்? முகாம் முடிந்து பாத்திரம் கழுவும் முறை யார் யாருக்கு வருகிறது? புத்தகம் ஒருவருக்கும் அடுப்பு இன்னொருவருக்கும் என்று பிரித்தது சிஸ்டர்சியர்களின் தவறு. அதை நாம் வாக்குறுதி எடுக்காமலேயே செய்துகொண்டிருக்கலாகாது. இந்த ஒன்றிலாவது, எல்லாரையும் வாரமுறையில் சமையற்கட்டுக்கு அனுப்பிய 35-ஆம் அதிகாரத்திடம் நாம் கற்றுக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

மடங்கள் ஏடுகளைக் காத்தன, கடிகாரம் செய்தன, உழைப்புக்கு மதிப்புரைத்தன. அவற்றை மறுக்காமலே, அந்த ஏடும் கடிகாரமும் யாருடைய உழைப்பின் உபரியில் உருவாயின என்று கேட்போம். நல்ல கொள்கையைச் சுவருக்குள் அடைத்து வைத்தவர்களை விட, அதைச் சந்தைத்தெருவுக்குக் கொண்டுவந்து உயிர் கொடுத்த ஜான் பாலும் கிரிண்ட்கோப்பும் நமக்கு நெருக்கமானவர்கள். அவர்கள் விட்டுச்சென்ற வேலை இன்னும் முடியவில்லை.